அம்புலிமாமாவும் வாசல்நிலைத் தகடும்



சிதம்பரத்தில் நாம் ஓதிக்கொடுக்கும் மாலை மதரஸாவில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். பூர்வீகம் பரங்கிப்பேட்டை. சில மாதங்களுக்கு முன், சபக்கு நேரத்தில் அவன் மடியில் கனத்த புத்தகம் ஒன்று விரிந்திருந்ததைக் கண்டோம். பழைய அம்புலிமாமா இதழ்களைச் சேர்த்துத் தைத்த பைண்டு. திறந்திருந்த பக்கத்தில் தாடி வைத்த மாந்திரீகன் ஒருவன், கையில் மண்டையோட்டுக் கோலுடன் நின்றிருந்தான். மற்றப் பிள்ளைகள் பார்த்திருக்கவே அதைப் பறித்தோம். “சிஹ்ர் படிக்க வருகிறவனுக்கு இங்கே இடமில்லை” என்றும் சொன்னோம். சிறுவன் தலைகுனிந்தான்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் அப்புத்தகத்தைப் புரட்டினோம். குற்றம் காணத்தான் புரட்டினோம். தஹஜ்ஜுத் நேரம் நெருங்கும் வரை மூடவில்லை. நாமும் சிறுவயதில் இதே இதழ்களை மாமா வீட்டுப் பரணில் ஒளிந்திருந்து படித்தவர்கள்தாம். அதைப் பறிக்கும்போது மறந்திருந்தோம்.

இன்றைய பெற்றோர்களில் இளையவர்கள் அறியாதிருக்கலாம். அம்புலிமாமா 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய இதழ். ‘பாதாள பைரவி’, ‘மாயா பஜார்’ படங்களை எடுத்தவர்களும் அவர்களே. வேதாளத்தைத் தோளில் சுமந்த விக்கிரமாதித்தனை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகளை மாதாமாதம் காத்திருக்கச் செய்தவை, தெலுங்கில் தாசரி சுப்பிரமணியம் எழுதித் தமிழுக்கு வந்த சாகசத் தொடர்கள். 1954-இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சித்ராவின் வண்ணப்படங்களை யார் மறப்பார்! அவற்றில் காடு உண்டு, பாழடைந்த கோட்டை உண்டு, அரக்கர்கள் உண்டு, மாந்திரீகர்கள் ஏராளம். ஆயினும் வெல்பவர்கள் பெரும்பாலும் மந்திரம் அறியாத இளைஞர்களே. வாளும் துணிவும் தோழனும்தான் அவர்களிடம் இருக்கும். மாந்திரீகன் தன் பேராசையாலேயே அழிவான். இங்கிலாந்தின் ஹாரி பாட்டர் இதற்கு மாறானவன். அவன் மந்திரப் பள்ளியின் மாணவன். அதனாலேயே அதைக் குறித்து நமக்குத் தயக்கம் அதிகம்.

சூனியம் அழிவில் ஆழ்த்தும் ஏழு பெரும்பாவங்களில் ஒன்று என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான நபிமொழி. அதில் பேச்சுக்கு இடமில்லை. கதையில் சூனியக்காரன் வருவதும், பிள்ளை சூனியம் கற்பதும் ஒன்றா என்பதே கேள்வி. மூஸா (அலை) அவர்களின் வரலாற்றிலிருந்து ஃபிர்அவ்னின் சூனியக்காரர்களை நீக்கிவிட்டால் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?

அபூதாவூதில் ஒரு செய்தி உண்டு. ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே, துணியால் இறக்கை வைத்த குதிரை ஒன்றை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். குதிரைக்கு இறக்கையா என வினவினார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். நபிகளார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். இந்த ஹதீஸை நாம் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். அன்று மாலை அந்தச் சிரிப்பு நமக்கு வரவில்லை.

மறுநாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சிறுவனின் வீட்டுக்குச் சென்றோம். அவனுடைய உம்மா நம்மைக் கண்டதும் அழாத குறையாகப் பேசினார். “இந்தக் கதைப் புத்தகத்தால்தான் ஹஜ்ரத், இவன் கணக்கில் மார்க்கு வாங்க மாட்டேன் என்கிறான். அடுப்பில் போடப் போனேன், அவன் அப்பா வைத்துவிட்டுப் போனதென்று இவன் அழுதான்.” பேசிக்கொண்டே மகனின் சட்டைக் கையை ஏற்றிக் காட்டினார். கறுப்புக் கயிற்றில் புதுத் தாயத்து. பரீட்சைக்காக வாங்கியதாம். ஆயிரத்து ஐந்நூறு ரூபாயாம்.

வாசல் நிலைக்கு மேலே செப்புத் தகடு ஒன்றும் அடித்திருந்தது. அது பழையது. குர்ஆன் வசனம் எழுதிய தாயத்தைக் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிவோம். ஆனால் அத்தகட்டில் இருந்தவை கட்டங்களும் எண்களும், எவருக்கும் விளங்காத பெயர்களும். அவ்வீட்டில் எத்தனை முறை விருந்துண்டிருப்போம்! ஒவ்வொரு முறையும் அதன் கீழேதான் நுழைந்தோம். ஒருநாளும் வாய் திறந்ததில்லை. விருந்தளித்தவர் மனம் நோகக்கூடாது என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம்.

நாம் கிளம்பும்போது சிறுவன் தெருமுனை வரை கூடவே வந்தான்.

“ஹஜ்ரத், புத்தகத்தில் இருக்கிற மந்திரம் பொய் என்று எனக்குத் தெரியும். தாயத்து நிஜம் என்று உம்மா நம்புகிறார்கள். எது சிஹ்ர்?”

அங்கேயே பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை. மன்னிப்பை மட்டும் கேட்டோம். புத்தகத்தை அவன் கையில் கொடுத்தோம்.

அடுத்த நாள் வகுப்பில் தஜ்வீதை ஒதுக்கிவிட்டு, அல்புரூஜ் அத்தியாயத்தின் விளக்கத்தில் வரும் சிறுவனின் வரலாற்றைச் சொன்னோம். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. முதுமையடைந்த அரச சூனியக்காரன், தன் வித்தையைக் கற்பிக்க ஒரு சிறுவனைக் கேட்கிறான். சூனியம் பயிலப் போகும் வழியில் அச்சிறுவன் ஒரு துறவியைச் சந்தித்து இறைவனை அறிகிறான். பின்னாளில் நோயாளிகள் அவனைத் தேடி வருகிறார்கள். நான் எவரையும் குணப்படுத்துவதில்லை, அல்லாஹ்வே குணப்படுத்துகிறான் என்கிறான். மலையிலிருந்து தள்ளச் சென்றவர்களும் கடலில் மூழ்கடிக்கச் சென்றவர்களும் அழிய, அவன் மட்டும் அரசனிடம் தானே நடந்து திரும்பி வருகிறான். பிள்ளைகள் மூச்சு விடவில்லை.

அதோடு, யாசகம் கேட்டு வந்த அன்சாரித் தோழரின் செய்தியையும் சொன்னோம். அவர் வீட்டிலிருந்த விரிப்பையும் கிண்ணத்தையும் நபிகளார் ஏலத்தில் விற்றார்கள்; கோடரி வாங்கச் செய்து, தம் கரத்தாலேயே அதற்குப் பிடி பொருத்தி, விறகு வெட்ட அனுப்பினார்கள். அவர் கையில் கட்டிவிட எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. தவக்குலையும் உழைப்பையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று விளக்க எண்ணியிருந்தோம். “கணக்கைத் தினமும் போட்டுப் பார்க்க வேண்டும், அதானே ஹஜ்ரத்?” என்று ஒரு பொடியன் முந்திக்கொண்டான்.

சிறுவனின் உம்மாவிடமும் பேசினோம். தகட்டைப் பற்றி, இத்தனை நாள் சொல்லாதிருந்தது நம் குற்றம் என்பதையும் சேர்த்தே சொன்னோம். அவர் பதில் சொல்லவில்லை. தேநீர் மட்டும் வந்தது. தகடு இன்றும் அங்கேதான் இருக்கிறது. தாயத்து சிறுவன் கையில் இல்லை. கழற்றியவர் யாரென்று நாம் கேட்கவில்லை. மாலையில் மதரஸாவுக்கு வருமுன் அவன் கணக்கு நோட்டோடு அண்டை வீட்டு அண்ணனிடம் போகிறான்.

சென்ற வாரம் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பின், பையிலிருந்து இன்னொரு பைண்டை எடுத்து நம் ரிஹாலுக்குப் பக்கத்தில் வைத்தான். “இது இரண்டாவது பாகம் ஹஜ்ரத். மெதுவாகப் படித்துவிட்டுக் கொடுங்கள்.”