தாழம்பூ மணம்

கொல்கத்தாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. தீபாவளியன்று அண்டை வீட்டார் அளித்த ரசமலாயைப் பாட்டி வாயருகே கொண்டு சென்றார். உண்ணாமல் சற்றே நிறுத்தினார்.

“இதில் தாழம்பூ மணக்கிறதே!” என்றார்.

ஏழாம் வகுப்பில் பயிலும் பேத்தி நகைத்தாள். “இது கேவ்ரா, பாட்டி. கடையில் புட்டியில் விற்கும் நறுமண நீர். நம் ஊர்ப் பூ இங்கே எப்படி வரும்?”

பாட்டி மறுமொழி கூறவில்லை. அவர் பிறந்தது நாகப்பட்டினத்தை அடுத்த கடற்கரைச் சிற்றூரில். அங்கே தாழைப் புதர்கள் விழுதூன்றி நின்று, காற்றில் மணல் பறந்துவிடாமல் காத்தன. முள் நிறைந்த நீண்ட இலைகளால் கொல்லைக்கு வேலியும் ஆயின. தாழையில் ஆண் செடி, பெண் செடி என இருவகை உண்டு. ஆண் செடியின் பூவே மணம் மிக்கது. அதன் வெளிர்மஞ்சள் மடல்களை மடித்து, சிறுமியரின் பின்னலில் வைத்துத் தைப்பார்கள். எஞ்சிய மடல்களைத் துணிப்பெட்டியில் சேலைகளுக்கு இடையே வைப்பார்கள். கேரளத்துத் தழவா என்னும் ஊரில் முள் நீக்கிய தாழை ஓலையால் பாய் முடைகின்றனர்.

மாலையில் வீடு திரும்பிய தந்தை நிகழ்ந்ததைக் கேட்டு முறுவலித்தார். “இருவர் சொல்வதும் சரிதான். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டக் கடற்கரையிலும் தாழை மிகுதி. அங்கே அதனைக் கியா என்பார்கள். மழைக்காலத்தில் விடியற்காலையிலேயே பூக்களைப் பறித்து, செப்புக் கலத்தில் நீருடன் இட்டுக் காய்ச்சுவார்கள். எழும் ஆவியைக் குளிரச் செய்தால் கிடைப்பதே கேவ்ரா நீர். அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் சேர்த்தால் அத்தர். கஞ்சம் தாழம்பூ புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் 99 மலர்களுள் தாழையும் ஒன்று” என்றார்.

பேத்தியின் முகம் வாடியது. தன் நகைப்பு பாட்டியை வருத்தியிருக்கும் என அவளுக்குத் தோன்றியது. மறுநாள் கடையில் ஒரு சிறு புட்டி வாங்கி வந்தாள். அதன்மேல் தாள் ஒட்டி, ‘தாளம்பூ நீர்’ எனத் தமிழில் எழுதிப் பாட்டியிடம் நீட்டினாள்.

பாட்டி மூக்குக்கண்ணாடியை அணிந்து படித்தார். பேத்தியை அருகில் அமர்த்தி, எழுதுகோலை வாங்கி, ‘ள’வை அடித்துவிட்டு ‘ழ’ என எழுதினார்.

“நாவை உள்ளே மடித்துச் சொல், கண்ணே. தாழம்பூ.”

“தாழம்பூ” என்றாள் பேத்தி.