வயிற்றுவலி என்றொரு சொல்

தமிழில் பதின்வயதினருக்கென்றே எழுதப்பட்ட நாவல்கள் மிகக் குறைவு. ஆனால் அவ்வயதுப் பெண்ணொருத்தி கையிலெடுத்தால் தன் வீட்டையே அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய நாவல்கள் உண்டு. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (காலச்சுவடு, 2004) அவற்றுள் முக்கியமானது.

ராபியா என்னும் சிறுமி, வீட்டுக்குத் தெரியாமல் தோழிகளோடு சினிமாவுக்குப் போகிறாள். அந்தச் சிறிய மீறலிலிருந்தே நாவல் விரிகிறது. துவரங்குறிச்சியில் பிறந்த சல்மாவும் 13 வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். ஒளித்து ஒளித்து எழுதியவர். எனவே ராபியாவின் கண்கள் இரவல் கண்கள் அல்ல. பெரியவர்கள் தணிந்த குரலில் பேசுவதையும், தான் உள்ளே நுழைந்ததும் பேச்சு மாறுவதையும் அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். உறவுமுறைகளும் வழக்குச் சொற்களும் முதல் சில அத்தியாயங்களில் திகைக்க வைக்கும். பொறுமையுடன் கடந்துவிட்டால் அந்த வீடுகளுக்குள் நாமும் உட்கார்ந்திருப்போம்.

நாவலின் மையத் துயரம் பிர்தவ்ஸ். கணவனோடு வாழ மறுத்துத் தாய்வீடு திரும்பியவள், வேறு மதத்தவன் ஒருவனை விரும்புகிறாள். விஷயம் வெளியே தெரியவரும்போது பெற்ற தாயே அவளுக்கு விஷம் கொடுக்கிறாள். ஆறுதல் சொல்லும் கைகளும் காவல் காக்கும் கைகளும் ஒன்றாகவே இருப்பதுதான் இந்நாவலைத் தாங்கமுடியாததாக்குகிறது.

திருப்பூர் வீடுகளிலும் இப்படியான மரணங்களுக்கு ஒரு பெயர் உண்டு: வயிற்றுவலி. செய்தித்தாளிலும் அதே பெயர்தான். என் அம்மாவும் சித்தியும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அம்மா ஓவர்லாக் டைலர், சித்தி அவளுக்குக் கைமடி. ஒரே தூக்குப்போசியில் சோறு, சனிக்கிழமைச் சம்பளத்தில் ஒரே நிறத்தில் வளையல். 1996இல் சித்தி இறந்தாள். 'தீராத வயிற்றுவலி' என்றார்கள். அவள் படம் எங்கள் சுவரில் மாட்டப்படவேயில்லை.

எட்டாம் வகுப்போடு நின்ற அம்மா, ஒன்றரை ஷிப்ட் முடித்துவந்த இரவுகளில் இந்த நாவலைப் படித்து முடித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சில நாள் கழித்து, விளக்கணைத்த பிறகு சொன்னாள்: "எங்கிட்டத்தான் மொதல்ல சொன்னா கண்ணு. நாந்தான் ஐயன்கிட்டச் சொல்லிப்போட்டேன்."

அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பெண்பிள்ளைகளைக் காப்பாற்றவே ரகசியங்கள் காக்கப்படுவதாக நம் குடும்பங்கள் நம்புகின்றன. சல்மாவின் நாவல் இந்த நம்பிக்கையைத்தான் கேள்விக்குள்ளாக்குகிறது. முந்தைய தலைமுறைக்கு என்ன நேர்ந்தது என்று அறியாத பெண், அதே சுவரில்தான் போய் முட்டிக்கொள்கிறாள். எச்சரிக்கையென்று அவளுக்குக் கிடைப்பது அடி மட்டுமே, காரணம் கிடைப்பதில்லை. நாவலில் எவரும் முழுக் கொடியவர்களாகவும் இல்லை. தங்கைமேல் உயிரையே வைத்திருந்த அக்காளும் பயத்தில் வாய் திறந்துவிடக்கூடும் என்பதை, அந்த இரவுக்குப் பிறகே எனக்குப் புரிந்துகொள்ள முடிந்தது.

லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோமின் மொழிபெயர்ப்பில் 2009இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த நாவல் இது. இலக்கிய வாசகர்கள் நிறையவே விவாதித்துவிட்டார்கள். இனி இது போய்ச்சேர வேண்டிய இடம், ராபியாவைவிடச் சற்றே மூத்த பெண்களின் புத்தகப்பை. என் அக்கா மகளுக்குப் பதினைந்து வயது. இந்த வயதில் இதெல்லாம் படிக்கலாமா என்று அக்கா தயங்கினாள்.

"படிக்கட்டும்" என்றது அம்மாதான்.