மூச்சுக்கு ஒரு ஸ்டெப்னி

ரெகுலேட்டர் என்றால் நம் வீடுகளில் இரண்டுதான். ஒன்று ஃபேன் ரெகுலேட்டர். ஒன்றில் வைத்தாலும் ஐந்தில் வைத்தாலும் ஃபேன் தன் இஷ்டத்துக்குத்தான் சுற்றும். இன்னொன்று சமையலறையில் சிலிண்டர் தலையில் உட்கார்ந்திருப்பது. மூன்றாவதாக ஒரு ஜாதி உண்டு. அதை வாயில் கடித்துக்கொண்டு கடலுக்கடியில் போகலாம். அதில் இரண்டு வாங்குவதற்காக நாலு மாதம் நான் படித்த படிப்பை, பி.காம். பரீட்சைக்குக்கூடப் படித்ததில்லை.

'பத்தி எழுதுகிறவனுக்கு இந்த வேலை எதற்கு?' என்று கேட்பீர்கள். முதுகுதான் காரணம்.

புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டு சர்டிஃபிகேட் வாங்கிய மறு வருஷம், நாற்காலியிலேயே குடியிருந்த முதுகு மக்கர் செய்தது. ஸ்கேன் பார்த்த டாக்டர், "டிஸ்க் லேசா பிதுங்கியிருக்கு. நீந்தலாம், முங்கலாம். ஆனா முதுகுல பாரம் மட்டும் ஏத்தாதீங்க" என்றார். ஸ்கூபா சிலிண்டர் ஒன்று பதினைந்து கிலோவுக்கு மேல். அதை முதுகில் கட்டிக்கொண்டு ஆடுகிற படகில் எழுந்து நிற்பதுதான் டைவிங்கிலேயே கஷ்டமான கட்டம். கடல் அதற்கப்புறம் சுகம்.

இதற்குப் பரிகாரம் சைட்மவுண்ட். பால்காரர் சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன் தொங்குமே, அந்த மாதிரி. அக்குளுக்குக் கீழே விலாவுக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டர். தண்ணீரில் இறங்கிய பிறகு மாட்டிக்கொள்ளலாம், ஏறுவதற்கு முன் கழற்றிக் கொடுத்துவிடலாம். முதுகு தப்பிக்கும்.

இதன் பூர்வீகம் முதுகு வலி அல்ல, குகை. தண்ணீர் நிரம்பிய இடுக்குகளில் சிலிண்டரை முதுகில் சுமந்துகொண்டு நுழைய முடியாமல், இங்கிலாந்தின் குகை வீரர்கள் இடுப்போரம் கட்டிக்கொண்டு ஊர்ந்தார்கள். பிறகு அமெரிக்காவின் ஃப்ளோரிடா, மெக்ஸிகோவின் யுகடான் குகைகளில் அந்தப் பழக்கம் வளர்ந்தது. 2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் பன்னிரண்டு பையன்களும் கோச்சும் மாட்டிக்கொண்டார்களே, ஜூலை 2-ம் தேதி அவர்களைக் கண்டுபிடித்த ரிக் ஸ்டான்டனும் ஜான் வொலாந்தனும் இந்த ரகம்தான்.

சைட்மவுண்டில் ஒரு சிக்கல். இரண்டு சிலிண்டருக்கும் சம்பந்தமே கிடையாது. அதனால் தனித்தனி ரெகுலேட்டர், தனித்தனி மீட்டர். நல்ல ரெகுலேட்டர் ஒரு செட் விலைக்கு செகண்ட்ஹேண்ட் ஸ்கூட்டர் வாங்கிவிடலாம். என் மனைவி கேட்டாள்: "ஒண்ணுக்கே இந்த விலை. ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணு. ஸ்டெப்னி இல்லாம கார்ல திருப்பதி போவோமா?"

"ஸ்டெப்னியே பஞ்சரா இருந்தா?"

நாலு மாதப் படிப்புக்கு இந்த ஒரு கேள்விதான் காரணம்.

சமையலறை ரெகுலேட்டர் செய்கிற அதே வேலைதான் இதற்கும். நிரம்பிய சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று. அதை நேராக வாயில் விட்டால் நாம் காலி. வால்வில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அதைச் சுமார் 10 பாருக்கு இறக்கும். வாயில் இருக்கும் செகண்ட் ஸ்டேஜ், நாம் இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்குத் தேவையான அழுத்தத்தில் கொடுக்கும். 1943-ல் பிரான்ஸில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யான் என்ற இன்ஜினீயரும் செய்த வித்தை இது. யுத்த காலத்துப் பெட்ரோல் பஞ்சத்தில் கார்களை கேஸில் ஓட்ட கான்யான் செய்துவைத்திருந்த வால்வுதான் இதற்கு மூலம்.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் பிஸ்டன், டயஃப்ரம் என்று இரண்டு கட்சி. பிஸ்டனில் அசையும் பாகங்கள் குறைவு, எளிமை. ஆனால் சாதாரண மாடல்களில் கடல் தண்ணீர் ஸ்பிரிங் வரை உள்ளே வரும். கூடவே உப்பும் மணலும் வரும். டயஃப்ரத்தில் ஒரு ரப்பர் தகடு தண்ணீரை வெளியே நிறுத்தும். 'சீல்டு' மாடல் என்றால் ஸ்பிரிங்கும் நனையாது. முதுகில் இருக்கும் ரெகுலேட்டர் தலைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். சைட்மவுண்டிலோ அது விலாவோரம், மணலுக்கும் சேற்றுக்கும் பக்கத்தில் கிடக்கும். ஆகவே என் ஓட்டு சீல்டு டயஃப்ரத்துக்கு.

வால்வில் இறுக்கும் விதத்திலும் இரண்டு உண்டு. யோக், கிளாம்ப் மாதிரி கவ்வும். டின், மரையில் திருகி உள்ளே உட்காரும். இடித்தால் டின் அசைவது குறைவு. ஆனால் நாம் போகும் இடத்தில் வாடகை சிலிண்டர் எந்த ரகம் என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். பல்லில்லாதவனுக்கு முறுக்கு வாங்கின கதையாகிவிடக் கூடாது.

இனி காமர்ஸ் பேசலாம். விலை என்பது முதல் தவணைதான். கம்பெனியைப் பொறுத்து வருஷத்துக்கு ஒருமுறையோ, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையோ பிரித்துப் பார்த்து, ஓ-ரிங், வால்வ் சீட் எல்லாம் மாற்ற வேண்டும். நமக்கு எல்லாமே இன்ட்டு இரண்டு. எனவே, இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். உதிரி பாகம் கிடைக்கிற மாடலாக, பழுது பார்க்கத் தெரிந்த ஆள் எட்டுகிற தூரத்தில் இருக்கிற மாடலாக இருக்கட்டும். பாகம் கிடைக்காத உயர்ந்த ரெகுலேட்டர், ஷோகேஸில் வைக்கத்தான் லாயக்கு.

நடுவில் அளந்து பார்க்க ஒரு சின்ன மீட்டர் உண்டு. முள் ஒரு இடத்தில் நின்றால் ஆரோக்கியம். மெள்ள மெள்ள மேலே ஏறிக்கொண்டே போனால் உள்ளே சீட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படி ஏறி ரெகுலேட்டர் கெட்டுப்போனால், பெரும்பாலும் காற்று நிற்காது, கொட்டும். அப்போதுதான் சைட்மவுண்டின் அருமை தெரியும். வால்வு கண்ணெதிரே இருக்கிறது. கையால் மூடிவிட்டு அடுத்ததை வாயில் வைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் விளக்கி முடித்ததும், "அப்போ ஸ்டெப்னி பஞ்சராகாது?" என்றாள் மனைவி.

ஆகலாம். ரெகுலேட்டரால் அல்ல, நம்மால். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 4 பார். மேலே ஒரு மணி நேரம் வருகிற காற்று அங்கே கால் மணிக்குத்தான். இந்த அவசரத்தில் ஒரு சிலிண்டரை முழுசாகக் குடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால், கையில் இருப்பது ஒரே ஒரு சிலிண்டர், ஸ்டெப்னி இல்லை. அதனால் மாற்றி மாற்றிச் சுவாசித்து இரண்டையும் ஏறக்குறைய சமமாக இறக்க வேண்டும். எந்த நிமிஷத்தில் எது போனாலும், மிச்சம் இருக்கிற ஒன்று நம்மையும், தேவைப்பட்டால் கூட வந்தவரையும், மேலே கொண்டுவந்து சேர்க்கிற அளவு காற்று அதில் இருக்க வேண்டும். எந்தக் கடைக்காரரும் விற்காத பாகம் இது.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள். சீட்டுப் பணம் வந்தது. ஒரே மாடலில் இரண்டு வாங்கியாயிற்று. ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் மூடியை இறுக்கி, நல்ல தண்ணீரில் ஊறவைப்பது என் வேலை. ஊறும்போது பட்டனை அமுக்கினால் உள்ளே தண்ணீர் போய்விடும் என்று ஆறு வயசு மகளுக்குக்கூட மனப்பாடம்.

சர்வீஸ் தேதி மட்டும் என் பொறுப்பில் இல்லை. சமையலறை காலண்டரில், 'கேஸ் புக் பண்ணணும்' என்பதற்குக் கீழே மனைவியின் கையெழுத்தில் இருக்கிறது: 'அப்பா மூச்சு - ரெண்டும்.'