அவிழ்க்க முடிந்த பத்து

42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் இரண்டாம் வகுப்பில் பலர் 35 என்று எழுதுவார்கள். இது கவனக்குறைவு அல்ல. ஏழில் இரண்டு போனால் ஐந்து, நான்கில் ஒன்று போனால் மூன்று. பெரியதிலிருந்து சிறியதைத்தான் எடுக்க முடியும் என்று முதல் வகுப்பில் நாம் சொல்லிக்கொடுத்ததை அந்தப் பிள்ளை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. உடனே நாம் 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று ஆரம்பிப்போம். நான்கை அடித்து மூன்று போடு, இரண்டுக்கு முன்னால் ஒரு ஒன்று போடு. விடை சரியாக வந்துவிடும். ஆனால் "ஒண்ணுதானே வாங்குனோம் டீச்சர், எப்படிப் பன்னெண்டு ஆச்சு?" என்று கேட்கிற பிள்ளை வகுப்புக்கு ஒன்றாவது இருக்கும். அதற்குக் கரும்பலகையில் பதில் கிடையாது, துடைப்பத்தில் இருக்கிறது.

தென்னந்துடைப்பத்தை உருவி, ஈர்க்குகளைச் சாண் அளவுக்கு ஒடித்துக் கொட்டிவிடுவேன். பத்துப் பத்தாக எண்ணிக் கட்டுவது பிள்ளைகளின் வேலை. ஒன்பதில் கட்டுகிறவர்கள் இருப்பார்கள், பதினொன்றில் கட்டுகிறவர்களும் இருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எண்ணிப் பார்த்துச் சண்டை போடுவார். அந்தச் சண்டை நடக்கட்டும் என்று விட்டுவிடுவேன். கட்டுவதற்கு ரப்பர் பேண்ட் ஆகாது. மே மாத வெக்கையில் பீரோவுக்குள் கிடந்து, ஜூனில் எடுக்கும்போது இற்றுப்போயிருக்கும். பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாகக் கத்தரித்தால் வருடக்கணக்கில் உழைக்கும். பஞ்சர் கடையில் சும்மாவே கொடுப்பார்கள்.

இப்போது நாலு கட்டு, இரண்டு உதிரி. "எனக்குப் பதினேழு கொடு" என்று கை நீட்டுவேன். ஒரு கட்டு உடனே கைக்கு வரும். இன்னும் ஏழு வேண்டும், உதிரியாக இருப்பதோ இரண்டு. கொஞ்ச நேரம் கட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் கேட்பார்: "டீச்சர், கட்டை அவுக்கட்டுமா?" அவிழ்த்தால் உதிரி பன்னிரண்டு. ஏழை எடுத்துக் கொடுத்தபின் இரண்டு கட்டும் ஐந்து உதிரியும் மிஞ்சும். பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று அதன்பின் யாரும் கேட்பதில்லை. கடன் வாங்கியதாகவும் யாருக்கும் தோன்றுவதில்லை. சொந்தக் கட்டைத்தானே அவிழ்த்தோம்!

ஒரு துணைக்கருவியைக் கையில் எடுத்ததும் நான் பார்ப்பது இதைத்தான்: பிள்ளை இதைக் கட்டவும் அவிழ்க்கவும் முடியுமா? ஆணிமணிச்சட்டம் இல்லாத பள்ளி இருக்காது, பாடப்புத்தகத்திலும் அதன் படம் உண்டு. ஆனால் பத்துகள் ஆணியில் கிடக்கிற மணிக்கும் ஒன்றுகள் ஆணியில் கிடக்கிற மணிக்கும் அளவில் வித்தியாசம் இல்லை. அந்த ஒரு மணிதான் பத்து என்பது பெரியவர்களான நாம் செய்துகொண்ட ஏற்பாடு. குச்சியில் பத்தைக் கண்ட பிள்ளைக்கு அது நல்ல கருவி. காணாத பிள்ளைக்கு 'கடன் வாங்கு' பாடத்தையே மரத்தில் செய்து கொடுத்ததுபோல்தான். இரண்டுக்கும் நடுவில் பணத்தை வைத்துக்கொள்வேன். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்துப் பத்து ஒரு ரூபாய் காசு வாங்கலாம் என்பது கடைக்குப் போய் வருகிற எந்தப் பிள்ளைக்கும் தெரியும். முதலில் குச்சி, பிறகு பணம், பிறகு மணிச்சட்டம், கடைசியில் எண்.

உலகம் மெச்சுகிற கருவிகளையும் இந்தக் கேள்வியிலிருந்து நான் விடுவதில்லை. மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய பொன்மணிகளில் பத்து மணி ஒரு கம்பியில் கோத்திருக்கும். பத்துக் கம்பி சேர்ந்தால் நூறின் சதுரம், பத்துச் சதுரம் சேர்ந்தால் ஆயிரத்தின் கனசதுரம். ஆயிரத்தைத் தூக்கிப் பார்த்துக் கை வலிக்கிற அனுபவம் வேறு எதிலும் கிடைக்காது. பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குயிசினேரின் வண்ணக் கோல்கள் ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை போகும். ஏழுக்குப் பக்கத்தில் மூன்றை வைத்தால் பத்தின் நீளம் கண்ணெதிரே நிற்கும். இரண்டையும் கும்பிடலாம். ஆனால் கம்பியில் கோத்ததைப் பிள்ளை பிரிக்க முடியாது, கோலை உடைக்க முடியாது. மாற்றிக்கொள்ளத்தான் முடியும். விலையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

விலை கொடுத்து வாங்கியதற்கு இன்னொரு கேடும் உண்டு. அது இருப்புப் பதிவேட்டில் ஏறிவிடும். ஏறிய பொருளில் ஒரு மணி குறைந்தாலும் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதால் பீரோவில் வைத்துப் பூட்டுவோம். தணிக்கைக்கு வரும்போது புத்தம் புதிதாக இருக்கிற கணிதப் பெட்டியைப் பார்த்தால் எனக்கு அந்தப் பள்ளிப் பிள்ளைகள்மேல்தான் பரிதாபம் வரும். ஈர்க்குச்சி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அதுவே அதன் பெரிய பலம்.

திட்டங்கள் வந்தன, போயின. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் எனக்கு மிகவும் பிடித்தது அட்டைகள் அல்ல, சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகள் உயரத்துக்கு அடித்த கரும்பலகைதான். தரையில் உட்கார்ந்தபடியே தனக்கென்று ஓர் இடத்தில் எழுதி அழித்து எழுதலாம். அட்டைகளைப் பற்றி என் குறை பழைய குறையே: அச்சடித்த குச்சிக்கட்டை அவிழ்க்க முடியாது. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' ஒன்று முதல் மூன்று வகுப்புகளைத் தொட்டது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது வசதிதான். ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு தவிக்கிற ஈராசிரியர் பள்ளிக்காரர்களைக் கேட்டால் தெரியும். கூடவே தெர்மாகோல், ஜிகினாத்தாள், கலர் சார்ட் மோகமும் வந்து சேர்ந்தது. இரவு பதினோரு மணி வரை வீட்டில் உட்கார்ந்து டீச்சர் வெட்டி ஒட்டிய கருவியில் நன்றாகக் கற்றுக்கொள்கிறவர் டீச்சர்தான். ராயபுரத்தில் 1993-இல் ராமானுஜன் அருங்காட்சியகத்தை அமைத்த கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன், கையில் கிடைக்கிற சாதாரணப் பொருளிலேயே கணக்கு இருக்கிறது என்று காலமெல்லாம் ஆசிரியர்களுக்குச் செய்து காட்டியவர். ஜிகினா ஒட்டத் தோன்றும்போது அவரை நினைத்துக்கொள்வேன்.

அப்படிக் கையில் கிடைக்கிற இன்னொரு பொருளான புளியங்கொட்டைக்கு வருகிறேன். தாயத்துக்கும் பரமபதத்துக்கும் ஒரு பக்கம் தேய்ப்பதுபோலப் பத்துக் கொட்டைகளைச் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியத் தேய்க்க வேண்டும். தேய்த்துச் சூடானதைப் பக்கத்துப் பையன் கையில் வைத்து அலற விடுவது பாடத்திட்டத்தில் இல்லாத பகுதி. பிறகு பத்தையும் உருட்டு. வெள்ளை நாலு, கறுப்பு ஆறு. எழுது. வெள்ளை ஏழு, கறுப்பு மூன்று. எழுது. நோட்டில் வரிசை நீள நீள, நாலும் ஆறும் வந்ததும் ஆறும் நாலும் வந்ததும் ஒன்றுதான் என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். பத்தும் கறுப்பாக விழுவது அபூர்வம். விழுந்தால் அறை முழுக்கக் கூச்சல். வெள்ளைக்கு என்ன எழுதுவது? பூஜ்ஜியத்தை எழுதிக் காட்ட அதைவிட நல்ல நேரம் அமையாது. ஒரு எச்சரிக்கை: முதல் வகுப்புக்குக் கொட்டை வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வார்கள். சோடா மூடி போதும்.

நூற்று ஐந்தை 1005 என்று எழுதுகிற பிள்ளைகளுக்குக் கல்யாணப் பத்திரிகை. அந்தத் தடித்த அட்டையின் வெறும் பக்கத்தில் 100 என்று மூன்று கட்ட அகலத்துக்கும், 5 என்று ஒரு கட்ட அகலத்துக்கும் எழுதி வெட்டிக்கொள்ள வேண்டும். வலது ஓரம் பொருந்துகிறபடி நூறின்மேல் ஐந்தை வைத்தால் 105. "அடியில பூஜ்ஜியம் ஒளிஞ்சிருக்கு" என்று தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். 1005-ஐ நானாகத் திருத்துவதில்லை, அட்டையை எடுத்து வைத்துப் பார்க்கச் சொல்வதோடு சரி.

அளவையில் இருமல் மருந்து மூடியும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் போதும். பத்து மில்லி மூடியால் ஊற்றி நிரப்பு என்றால், பத்துப் பதினைந்து மூடியிலேயே அலுத்துப்போய், பாட்டிலில் ஏறிய மட்டத்தைப் பார்த்து மிச்சத்தைக் கணக்குப் போட ஆரம்பிப்பார்கள்.

இந்த அலுப்பை நம்பித்தான் நான் கருவியைக் கொடுக்கிறேன். 'குச்சியையே பழக்கிவிட்டால் மனக்கணக்கு வராதே' என்று பயிற்சி வகுப்புகளில் கேட்பார்கள். குச்சி அப்படி விட்டுவைக்காது. மூன்றாம் வகுப்பில் 300-இலிருந்து 147-ஐக் கழிக்க வேண்டும் என்றால் முப்பது கட்டை அடுக்கி, நூறு நூறாகச் சேர்த்து, அவிழ்த்து, எண்ணி முடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிடும். "குச்சி எடுத்துக்கிறியா?" என்றால், "வேணாம் டீச்சர், நேரமாகும்" என்று நோட்டில் போட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று பேருக்கு மட்டும் ஐந்தாம் வகுப்பிலும் குச்சி வேண்டியிருக்கும். கேட்க வெட்கப்படுவார்கள் என்று ஒரு டப்பாவைக் கடைசி வரிசை ஜன்னல் திட்டில் வைத்திருக்கிறேன். யார் எடுக்கிறார்கள் என்று நான் கவனிப்பதாகக் காட்டிக்கொள்வதில்லை.