சூளைக்கு வந்த கூட்டம்

செவ்வாய்க்கிழமைதோறும் மஃரிப் தொழுகையை முடித்துக்கொண்டு நேரே சங்கக் கூட்டத்திற்குச் செல்வது பல ஆண்டுகளாக நமக்கு வழக்கமாயிருந்தது. விருத்தாசலத்தில் ஓர் உணவு விடுதியின் மாடியறையில் கூட்டம் நடக்கும். தலைவர் பதவிச் சங்கிலியைக் கழுத்தில் அணிந்து மணியடிப்பார். இறைவணக்கம், சென்ற வார நடவடிக்கைக் குறிப்பு, பிறந்தநாள் வாழ்த்து, தாமதமாக வந்தவர்க்கு அபராதம், சிறப்பு விருந்தினர் உரை, முடிவில் நாட்டுப்பண், அதன்பின் சிற்றுண்டி. சங்கத்தின் பெயரை இங்கே சொல்ல வேண்டியதில்லை. ரோட்டரியாயினும் அரிமா சங்கமாயினும் இத்தகைய கூட்டங்களின் முறை ஏறத்தாழ ஒன்றேயாகும்.

நம் துணைவியாருக்கு இதில் நம்பிக்கை இருந்ததில்லை. “வாராவாரம் கூடித் திங்கிறதுக்குப் பேரு சேவையா?” என்று கேட்பார். நாமும் விடாமல் போலியோ ஒழிப்பை எடுத்துச் சொல்வோம். அந்நோயை உலகிலிருந்தே அகற்றும் பணியை ரோட்டரி இயக்கம் 1985இல் மேற்கொண்டது. 1995இல் நம் நாடெங்கும் சொட்டு மருந்து நாள்கள் தொடங்கியபோது, சேவைச் சங்கத்தினர் பலர் ஊர்தோறும் முகாம்களில் நின்றனர். நாட்டின் கடைசி நோயாளியான சிறுமி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்டாள். 2014 மார்ச்சில் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்காசிய வட்டாரம் போலியோ அற்றதெனச் சான்று பெற்றது. “வாரந்தவறாமல் கூடுகிறவர்களால்தான் ஒரு காரியத்தை இத்தனை ஆண்டுகள் விடாமல் பிடித்திருக்க முடியும்” என்று வாதிடுவோம். வாதம் தவறன்று. ஆனால் அவர் கேட்டது அதுவன்று என்பது நமக்குப் பின்னர்தான் விளங்கிற்று.

நம் தொழில் பீங்கான். மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த இவ்வூரை வெளியூரார் ரயில் சந்திப்பாகவும் முந்திரிச் சீமையாகவும் அறிவர். தொழில் உலகமோ இதனைப் பீங்கான் நகரமென அறியும். அரசினர் அமைத்த பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் பயிலகமும் இங்குள்ளன. வீட்டு மின்பெட்டியிலுள்ள வெள்ளைநிற பியூஸ் கட்டையும், கொலுப் படியில் அமரும் பொம்மையும் இவ்வூரிலிருந்து பல ஊர்களுக்குச் செல்கின்றன. களிமண்ணுடன் படிகக்கல் மாவும் பெல்ஸ்பார் மாவும் சேர்த்துக் கலவை செய்கிறோம். பொம்மையாயின் அச்சில் வார்த்தும், பியூஸ் கட்டையாயின் அச்சில் அழுத்தியும் எடுக்கிறோம். உலர்ந்தபின் ஓரங்களைச் சுரண்டித் தேய்த்து, மெருகுக் குழம்பில் தோய்த்து, 1,200 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சுட்டெடுக்கிறோம். நம் கொட்டகையில் பதினெட்டுப் பேர் இவ்வேலையைச் செய்து வந்தனர்.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் சங்கச் செயலாளராயிருந்தபோது, இலவச மருத்துவ முகாம் ஒன்று நடத்தினோம். பதாகை, பந்தல், மருந்துப் பெட்டிகள், நிழற்படக்காரர் ஆகிய ஏற்பாடுகள் யாவும் நம்முடையவை. வருவோரின் பெயர், வயது, தொழில் ஆகியவற்றை நாமே மேசையிலமர்ந்து பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்ணொருவர் முந்தானையால் வாயைப் பொத்தி இருமியவாறு வந்தார். தண்ணீர்க் குடம் தூக்கினால் மூச்சு நிற்பதில்லை என்றார். நம் சங்க உறுப்பினரான டாக்டர், “எங்கம்மா வேலை செய்யறீங்க?” என்று கேட்டார். அப்பெண் ஒருகணம் நம்மை நோக்கினார்.

“நம்ம பாய் கொட்டாயிலதாங்க. ஒம்பது வருசமா ஓரம் தேய்க்கிறேன்.”

தொழில் என்னும் கட்டத்தில் என்ன எழுதுவதென்று நமக்குத் தெரியவில்லை. ஒன்பது ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் நம் கையால் கூலி வாங்கியவர் அவர். அவருடைய பெயர் தெரியும், அவருடைய பிள்ளைகளின் பெயர்களும் தெரியும், இருமல் தெரியாது.

அன்றிரவு டாக்டர் நம்மிடம் தனியே பேசினார். கண்ணுக்குத் தெரியும் தூசு தரையில் படிந்துவிடும். தெரியாத நுண்தூசுதான் நுரையீரலின் அடிவரை செல்லும். படிகக்கல் மாவிலுள்ள சிலிக்கா அங்கே தழும்பை உண்டாக்கும். சிலிகோசிஸ் எனப்படும் அந்நோய் வெளிப்பட ஆண்டுகள் ஆகும். வந்த தழும்பை ஆற்ற மருந்தில்லை. அதன்மேல் காசநோயும் எளிதில் பற்றும். முகத்தில் கட்டும் துணி அந்தத் தூசைத் தடுக்காது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதனை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. ஆயினும் சின்னஞ்சிறு கொட்டகைகள் பல அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றன. “நாம கொடுத்த இருமல் மருந்து ஒரு வாரம் வரும் பாய். திங்கட்கிழமை மறுபடி அவங்க எங்க போவாங்க?” என்று கேட்டு நிறுத்தினார்.

தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கூலியை நாம் ஒருநாளும் தாமதித்ததில்லை. அதனால் கணக்குத் தீர்ந்ததென்று எண்ணியிருந்தோம். வியர்வையைக் கணக்கில் வைத்த நாம் மூச்சை வைக்கவில்லை.

உறக்கம் வராத அவ்விரவில், சங்கத்தில் பலமுறை கேட்ட ஒரு வரலாறு நினைவுக்கு வந்தது. 1905 பிப்ரவரி 23இல் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர், ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு நிலக்கரி வணிகர், ஒரு தையற்காரர் ஆகிய நால்வர் கூடினர். அந்தப் பொறியாளரின் அலுவலகமே முதற்கூட்டம் நடந்த இடம். அதன்பின் ஒவ்வோர் உறுப்பினரின் தொழிலிடத்திலும் முறைவைத்துச் சுழன்று கூடியதாலேயே ரோட்டரி என்ற பெயர் வந்தது. உறுப்பினர் தொகை பெருகவே கூட்டம் உணவு விடுதிக்குச் சென்றது. 1919இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதற்சங்கம் தோன்றியது. பெயர் நிலைத்தது, சுழற்சி நின்றது. ஒருவர் தொழிலிடத்தை மற்றவர் காணும் வாய்ப்பும் அத்துடன் போயிற்று.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஒரு கூட்டத்தை நம் கொட்டகையில் நடத்த அனுமதி கேட்டோம். எளிதில் கேட்டுவிடவில்லை. நம் குறையை நாமே ஊரார்முன் விரிப்பதா, பிற சூளைக்காரர்கள் என்ன சொல்வர், சரக்கு வாங்குவோர் விலகுவரோ என்று ஏழு நாள்கள் மனம் அலைந்தது. “அங்க உட்கார இடம் ஏது?” என்றார் ஓர் உறுப்பினர். சரக்கு உலர்த்தும் பலகைகளைக் காட்டலாம் என்றோம்.

கூட்டம் நடந்தது. தொழிலாளர்களையும் இருக்கச் சொன்னோம். மணியடித்து முடித்ததும் டாக்டர் மின்விளக்குகளை அணைக்கச் செய்து, கைவிளக்கின் ஒளியைக் கொட்டகையின் குறுக்கே பாய்ச்சினார். தூய்மையாகத் தெரிந்த காற்றில் அந்த ஒளிக்கற்றை முழுவதும் தூசு மிதந்துகொண்டிருந்தது. ஜவுளிக்கடைக்காரர் கைக்குட்டையை மூக்கருகே கொண்டுசென்றார். எதிரே நின்ற பெண்களைக் கண்டதும் கையைத் தாழ்த்திக்கொண்டார். நெடுநேரம் எவரும் பேசவில்லை.

அதன்பின் அவரவர் தொழிலறிவு பேசிற்று. பீங்கான் தொழிலை முறையாகப் பயின்ற ஒருவர், உரு முழுதும் உலருமுன்னரே ஈரப் பஞ்சால் ஓரத்தைத் துடைத்தால் தேய்க்கும் வேலையே பாதி குறையும் என்றார். மின்பணி ஒப்பந்தக்காரர் தூசை வெளியே இழுக்கும் விசிறிக்கு இடம் குறித்தார். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கலாகாது. நீர் தெளித்துத் துடைக்க வேண்டும் என்றார் டாக்டர். ஓரம் தேய்க்கும் பெண்ணொருத்தி, “தண்ணிக் குழாய உள்ள கொண்டாந்தா நாங்களே செஞ்சுக்குவோம்” என்றாள். இத்தனை ஆண்டுகளில் அவர்களிடம் ஒரு கருத்தை நாம் கேட்டதேயில்லை.

மாற்றம் இனிதாக நடந்தேறியதென்று சொல்வதற்கில்லை. ஈர உருக்கள் கைபட்டுக் கோணின. சில மாதங்கள் சேதம் மிகுந்து இலாபம் குறைந்தது. அந்தப் பெண்ணின் எக்ஸ்ரே படத்தில் தழும்புகள் இருந்தன. அவை இன்றும் இருக்கின்றன. அதே கூலிக்கு அவரை வேறு இடத்தில் சரக்குக் கட்டும் வேலையில் அமர்த்தினோம். சிகிச்சைச் செலவையும் ஏற்றோம். இதனைத் தருமமென்று சொல்ல நமக்கு நாவெழாது, அது கடன். வேறு இரு சூளைக்காரர்கள் கூட்டத்தைத் தங்களிடத்திற்கு அழைத்தனர். ஒருவர் மறுத்துவிட்டார்.

அவ்வாண்டறிக்கையில் மருத்துவ முகாம் நிழற்படத்துடன் இடம்பெற்றது. கொட்டகைக் கூட்டத்தை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிட்டோம். 2016இல் ரோட்டரியே மாதம் இருமுறை கூடினால் போதுமென விதியைத் தளர்த்தியது. எத்தனை முறை கூடுவது என்பதில் நமக்கு இப்போது வழக்கில்லை. எங்கே கூடுவது என்பதே நம் கேள்வி. இரக்கம் காட்ட முகாமுக்குச் செல்கிறோம். நம் வாசலுக்குள்ளே நடப்பதைக் காணப் பிறர் கண்ணும் வேண்டியிருக்கிறது.

கொட்டகைக் கூட்டம் முடிந்த இரவு வீடு திரும்பிச் சட்டையைக் கழற்றினோம். துணைவியார் வழக்கம்போல் அதை வாங்கி முற்றத்தில் உதறப் போனார். “உதறாதே, அப்படியே தண்ணியில போடு” என்று பதறித் தடுத்தோம். காரணத்தையும் சொன்னோம். அவர் சட்டையைக் கையில் பிடித்தவாறே சற்றுநேரம் நின்றார்.

“இத்தனை வருசமும் உதறிக்கிட்டுத்தானே இருந்தேன்” என்றார்.