நடுவர் இல்லாத நீர்

இலண்டன், ஒக்டோபர்



மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளிவைக்கும் வாரம் இது. இனிப் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும். எங்கள் பாய்ப்படகுக் கழகத்தின் இந்த ஆண்டுக்கான போட்டிகளும் பரிசளிப்போடு முடிந்துவிட்டன. பங்குனியில் தொடங்கி ஐப்பசி வரை நீளும் இந்தப் பருவத்தைப் பற்றி உங்களுக்கு எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். இலண்டனில் தமிழர்கள் நிறைந்து வாழும் பகுதியின் ஓரத்திலேயே நடக்கிற விளையாட்டு இது. ஆனாலும் நம்மவர்களில் பலருக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாது.

வெம்பிளிக்கும் ஹெண்டனுக்கும் இடையில் வெல்ஷ் ஹார்ப் என்றொரு நீர்த்தேக்கம் இருக்கிறது. வரைபடத்தில் பிரெண்ட் நீர்த்தேக்கம் என்று போட்டிருப்பார்கள். எட்ஜ்வெயர் வீதியில் முன்பிருந்த ஒரு மதுச்சாலையின் பெயர்தான் ஊர்வாயில் நிலைத்துவிட்டது. ரீஜன்ட் கால்வாயில் சரக்குப் படகுகள் ஓடத் தண்ணீர் போதாமல் போகவே, பிரெண்ட் ஆற்றை மறித்து 1835-இல் இதை அமைத்தார்கள். 1960-இல் பெண்களுக்கான ஐரோப்பியத் துடுப்புப் படகுப் போட்டி இங்கே நடந்தது. இன்று நீர்ப்பறவைகளுக்காகச் சட்டப் பாதுகாப்புப் பெற்ற இடம். கொண்டை முக்குளிப்பான்கள் நாணலுக்குள் கூடு கட்டும் பக்கம் படகுகள் போவதில்லை. மீதி நீர்ப்பரப்பில் ஞாயிறு தோறும் எங்கள் சிறிய பாய்ப்படகுகள் போட்டிக்கு இறங்குகின்றன.

இந்தப் படகுகளை டிங்கி என்பார்கள். ஒருவரோ இருவரோ ஓட்டுவது. எஞ்சின் கிடையாது. காற்று பாயைத் தள்ளிப் படகைச் சரிக்கும்போது, ஓட்டுகிறவர் எதிர்ப்பக்க விளிம்புக்கு வெளியே முதுகைச் சாய்த்துத் தொங்கித் தன் உடல் எடையால் அதை நிமிர்த்துகிறார். எங்கள் கரையில் லேசர் என்ற வகைப் படகுகள் அதிகம். அதே உடலில் சற்றுச் சிறிய பாய் கட்டிய வகைதான் லேசர் ரேடியல். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது அதைத்தான். பாய்ப்படகுப் போட்டிக்காக ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்.

மகளும் நானும் ஓட்டுவது மிரர். 1960-களின் தொடக்கத்தில் டெய்லி மிரர் பத்திரிகை ஆதரவு கொடுக்க, படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், தொலைக்காட்சியில் வீட்டு வேலைகளைச் செய்து காட்டிப் புகழ்பெற்ற பாரி பக்னலும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, பொருத்துகளின் மேல் கண்ணாடியிழை நாடாவை ஒட்டினால் படகின் உடல் தயார். ஆரம்பத்தில் முழுத் தொகுதியின் விலை 63 பவுணும் 11 ஷில்லிங்கும். தொழிலாளர் குடும்பங்கள் தங்கள் வீட்டு முற்றத்திலும் கராஜிலும் இதைக் கட்டின. இதுவரை 70,000-க்கு மேற்பட்ட மிரர்கள் உருவாகியிருக்கின்றன. பாய்ப்படகு பணக்காரருக்கு உரியது என்ற எண்ணத்தை இந்த நாட்டில் உடைத்ததில் மிரரின் சிவப்புப் பாய்க்குப் பெரும் பங்கு உண்டு.

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தவன். அங்கே வல்வெட்டித்துறையில் எங்கள் மேஸ்திரிமார் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்ற புதுப்பெயரோடு, நம்மூர் மாலுமிகள் ஓட்ட, அது 1938-இல் அத்திலாந்திக்கைத் தாண்டி மாசச்சூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சோளகம், வாடை, கச்சான் ஆகிய காற்றுகள் எப்போது எழும், எப்போது விழும் என்று தெரிந்த பெரியவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். அவர்களுக்குப் பாய் என்றால் பிழைப்பு. கடலுக்குப் போனவர் திரும்பி வரும்வரை வீட்டில் அடுப்பு எரியாத நாட்களும் உண்டு. அந்தப் பாயைப் பிள்ளைகள் மகிழ்ச்சிக்காகவும் ஏற்றலாம் என்பதை இங்கே வந்துதான் கண்டேன்.

பருவம் தொடங்கும் பங்குனியில் தண்ணீர் எலும்பைக் குத்தும். கழுத்தும் மணிக்கட்டும் இறுக மூடிய உடை இல்லாமல் இறங்க முடியாது. அடுக்குமாடிகளையும் மரங்களையும் சுற்றி வரும் காற்று ஒரு நிமிடம் நின்ற திசையில் மறு நிமிடம் நிற்காது. காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாயும் போகாது என்பதால், இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் மேலே ஏறவேண்டும். தண்ணீர் எங்கே கருக்கிறதோ அங்கே காற்று இறங்குகிறது என்று முதலில் கற்றுக்கொள்கிறோம். அந்தக் கருமை நம்மை எட்டுமுன் பாய்க்கயிற்றைத் தளர்த்தவா, இழுக்கவா என்று முடிவு செய்யவேண்டும். வைகாசி, ஆனி மாதங்களில் ஒன்பது மணிவரை வெளிச்சம் இருப்பதால் வேலை முடிந்து வந்து கிழமை நாட்களிலும் மாலைப் போட்டி ஓடுகிறோம். ஆடி, ஆவணியில் காற்றே இல்லாமல் பாய் தொங்கும் நாட்கள் வரும். அப்போது பொறுமையுள்ளவர் வெல்வார். புரட்டாசியில் மேல்காற்று பலக்கும். படகுகள் கவிழும், நீந்திச் சுற்றிப் போய், படகின் அடியில் நீட்டியிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று நிமிர்த்திக்கொண்டு தொடர்வோம்.

வெவ்வேறு வகைப் படகுகள் ஒன்றாக ஓடினால் யார் வென்றார் என்று எப்படிச் சொல்வது? அதற்குப் போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக் என்றொரு முறை இருக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண். வேகமான படகுக்குச் சிறிய எண், மெதுவான படகுக்குப் பெரிய எண். கழகங்கள் அனுப்பும் முடிவுகளை வைத்து, நாட்டின் பாய்ப்படகுச் சங்கமான ஆர்.வை.ஏ. அந்த எண்களைத் திருத்தி வெளியிடுகிறது. லேசரின் எண் 1100, மிரரின் எண் 1390 என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய உண்மையும் அதுதான். லேசர் 44 நிமிடத்திலும் மிரர் 55 நிமிடத்திலும் முடிக்கின்றன. நேரத்தை 1000-ஆல் பெருக்கி எண்ணால் வகுத்தால் லேசருக்கு 40 நிமிடம், மிரருக்கு 39 நிமிடம் 34 விநாடி. பதினொரு நிமிடம் பிந்தி வந்த மிரருக்கே வெற்றி. பழைய படகு வைத்திருப்பவரும், பத்து வயதுப் பிள்ளையும், எழுபது வயதுப் பெரியவரும் ஒரே போட்டியில் உண்மையாகவே மோத இந்தக் கணக்கு இடம் தருகிறது.

தொடக்கம்தான் நெஞ்சு படபடக்கும் நேரம். ஐந்து நிமிடம் இருக்கும்போது முதற்கொடி ஏறும். நான்கு நிமிடத்தில் நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் கொண்ட இரண்டாவது கொடி. ஒரு நிமிடத்தில் அது இறங்கும். முதற்கொடியும் இறங்கினால் போட்டி தொடங்கிவிட்டது. ஊதுகுழல் பிசகினாலும் கொடிதான் கணக்கு. படகுக்குப் பிரேக் கிடையாது. நெருங்கி அலையும் படகுகளுக்கு நடுவில், கொடி இறங்கும் அதே விநாடியில் தொடக்கக் கோட்டைத் தொடும்படி வேகத்தோடு வரவேண்டும். முந்திக் கடந்தவர் திரும்பிப் போய் மீண்டும் தொடங்கவேண்டும்.

இந்த மடலை நான் எழுதுவதற்கான காரணம் இதற்குப் பிறகுதான் வருகிறது. ஒலிம்பிக் போன்ற பெரிய போட்டிகளில் நீரின் மேல் நடுவர்கள் உண்டு. கழகப் போட்டியில் இல்லை. வலப்பக்கம் காற்று வாங்கும் படகுக்கு, இடப்பக்கம் காற்று வாங்கும் படகு வழிவிட வேண்டும். வழிவிடத் தவறினால், தவறியவரே ஒதுங்கிப் போய்ப் படகை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றித் தண்டனையை நிறைவேற்றுகிறார். திருப்பத்து மிதவையில் படகு உரசினால் ஒரு சுற்று. யாரும் விசில் ஊதுவதில்லை. இருவருக்கும் கருத்து வேறுபட்டால், ‘புரொடெஸ்ட்’ என்று அந்த இடத்திலேயே உரக்கச் சொல்லிவிட்டு, கரையேறியபின் எழுதிக் கொடுக்கலாம். உறுப்பினர் சிலர் கூடி இரு பக்கமும் கேட்டுத் தீர்ப்பார்கள். பெரும்பாலும் அதற்கு வேலை வருவதில்லை. விதியை மீறினால் தண்டனையைத் தானே ஏற்கவேண்டும் என்பது இந்த விளையாட்டின் விதிநூல் முதலிலேயே எழுதிவைத்திருக்கும் அடிப்படைக் கொள்கை.

இந்தக் கோடையில் முதலிடத்தில் வந்துகொண்டிருந்த ஒரு சிறுமி கடைசி மிதவையைத் திரும்பும்போது, அவள் படகின் பின்முனை அதில் பட்டுவிட்டது. பின்னால் வந்தவர்கள் சற்றுத் தூரத்தில் இருந்தார்கள். யார் கண்ணிலும் படவில்லை. அவள் உடனே ஒதுங்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். அதற்குள் இரண்டு படகுகள் அவளைக் கடந்துவிட்டன. கரையில் அவளை யாரும் தனியாகப் பாராட்டவில்லை. எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். அந்தப் பாராட்டின்மைதான் என்னை அதிகம் பாதித்தது. நேர்மை ஓர் ஊரின் வழக்கமாகிவிட்டால் அதற்கு மாலை தேவைப்படுவதில்லை.

அதே விதிநூலின் முதல் விதி, ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற உதவி அனைத்தையும் செய்யவேண்டும் என்கிறது. 1988 சோல் ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் போட்டிகள் பூசான் கடலில் நடந்தன. ஃபின் வகைப் போட்டியில் இரண்டாமிடத்தில் போய்க்கொண்டிருந்த கனடாவின் லாரன்ஸ் லெமியூ, வேறொரு போட்டியில் ஓடிய சிங்கப்பூர் வீரர் இருவர் கவிழ்ந்து காயப்பட்டுத் தத்தளிப்பதைக் கண்டார். தன் போட்டியை விட்டுவிட்டுப் பெரும் அலைகளுக்குள் போய் அவர்களை மீட்டார். உதவி வந்து சேர்ந்தபின்பே போட்டிக்குத் திரும்பினார். நடுவர் குழு அவருக்கு அந்த ஓட்டத்தின் இரண்டாமிடத்தையே வழங்கியது. ஒலிம்பிக் குழு பியர் டி கூபர்டின் பதக்கம் கொடுத்துக் கௌரவித்தது. எங்கள் கழகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது வென்றவர்களின் பெயர்களுக்கு முன்னால் இந்தப் பெயரைத்தான் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கழகத்தில் சம்பளத்துக்கு ஆள் இல்லை. ஆண்டின் தொடக்கத்திலேயே முறைப்பட்டியல் வந்துவிடும். ஒரு ஞாயிறு நீங்கள் கொடி ஏற்றுவீர்கள். இன்னொரு ஞாயிறு மீட்புப் படகில் நனைந்துகொண்டு காத்திருப்பீர்கள். வேறொரு நாள் சமையலறையில் தேநீர் ஊற்றுவீர்கள். மருத்துவரும் பஸ் ஓட்டுநரும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். புள்ளிக்கணக்கில் முதலிடத்துக்கு ஒன்று, இரண்டாமிடத்துக்கு இரண்டு. குறைந்த புள்ளி எடுத்தவர் வெல்வார். தன் முறைக்காகப் போட்டியை விட்டவருக்கு அன்றைக்குச் சராசரிப் புள்ளி கொடுத்துவிடுவார்கள். பிறருக்காக உழைத்தவர் பின்தங்கக்கூடாது என்ற நியாயம் கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

நம்மவர் வீடுகளில் சனி, ஞாயிறு என்றால் கணித டியூஷன், தமிழ்ப் பள்ளி, வீணை வகுப்பு. மூன்றும் தேவைதான். அவற்றோடு இதையும் சேர்க்கச் சொல்கிறேன். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர் இருக்கிறார்; கிரிக்கெட்டில் நடுவர் இருக்கிறார். யாரும் பார்க்காத இடத்தில் நான் எப்படி நடக்கிறேன் என்று ஒரு பிள்ளை தன்னையே சோதித்துப் பார்க்கும் களங்கள் மிகக் குறைவு. இந்த நீர் அப்படிப்பட்ட களம். செலவும் நினைப்பதுபோல் இல்லை. கற்பவர்களுக்குப் பல கழகங்கள் தங்கள் படகையே தருகின்றன. பழைய மிரர் சில நூறு பவுணுக்குள் கிடைக்கும். குளிர் தாங்கும் உடையும் உயிர்காப்பு மேலங்கியும் முதல் நாளுக்குப் போதும்.

வசந்தத்தில் கழகங்கள் புதியவர்களுக்காகத் திறந்த நாள் வைக்கும். வெம்பிளி, கிங்ஸ்பரி, ஹரோ பக்கத்தில் இருக்கும் அன்பர்கள் பிள்ளைகளோடு வாருங்கள். யாழ்ப்பாணத்திலும் தூத்துக்குடியிலும் இராமேஸ்வரத்திலும் பள்ளி நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு சிறு பாய்ப்படகுகள் வாங்கிக் கொடுப்பதைப் பற்றி யோசியுங்கள். காற்றை அறிந்த பெரியவர்கள் உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களையே ஆசிரியராக அழையுங்கள்.

அடுத்த மடலில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் வடமராட்சிக்காரன்