சராசரி

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்துவிட்டுப் படிக்க வேண்டாம்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தங்கை மகள் ஒரு செய்தி போட்டிருந்தாள். "மிஸ்ஸைப் பார்த்துட்டு வந்தேன் பெரியம்மா. பாப்பா ஆவரேஜ்தானாம்." பக்கத்தில் அழுகிற பொம்மை இரண்டு. உடனே ஆறுதல் வந்து குவிந்தது. ஒருவர் டியூஷன் போடச் சொன்னார். ஒருவர் பிள்ளையார் படம் அனுப்பினார். என் கொழுந்தனார், "நாங்கள்லாம் ஆவரேஜா படிச்சுத்தான் பேங்க்ல மேனேஜர் ஆனோம்" என்று தன் பெருமையையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டார்.

நான் மட்டும், "எதோட சராசரி? என்ன மார்க்கு? வகுப்பில் எத்தனை பேர்?" என்று கேட்டேன். "ரிட்டயர் ஆகியும் டீச்சர் கேள்வி கேக்குறதை விடலியே" என்று சிரித்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு ஏன் வயிற்றைப் பிசைகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனால் முதலில் கொஞ்சம் பாடம். என்னிடம் படித்தவர்களுக்கு இது பழக்கம்தான்.

புளியமுத்து ஞாபகம் இருக்கிறதா? ஆறாம் வகுப்பில் சராசரி நடத்தும் நாளில் எல்லோரும் பையில் புளியமுத்து கொண்டுவர வேண்டும். ஐந்து பேரை முன்னால் உட்கார வைப்பேன். ஒருவரிடம் 3, ஒருவரிடம் 7, அடுத்து 12, 4, 9. எல்லாவற்றையும் நடுவில் கொட்டு. மொத்தம் 35. இப்போது எல்லோருக்கும் சமமாகப் பங்கு வை. ஆளுக்கு 7. இந்த ஏழுதான் சராசரி. அவ்வளவுதான் கணக்கு. நல்லது கெட்டது என்ற பேச்சே அதில் கிடையாது. கொட்டிப் பங்கு வைத்தால் ஆளுக்கு எவ்வளவு வரும் என்பது மட்டுமே.

ஒரு வருஷம் பன்னிரண்டு முத்து வைத்திருந்த பெண் அழுதேவிட்டாள். "என்கிட்ட இருந்த அஞ்சு முத்தை எதுக்கு டீச்சர் புடுங்குதீங்க?" சராசரியைப் பற்றி அதைவிட நல்ல கேள்வியை நான் பிறகு கேட்கவில்லை.

சராசரி என்பதே தமிழ்ச் சொல் இல்லை. பாரசீகத்திலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்தது. (சராசரம் என்பது வேறு, அது வடமொழி. அசைவதும் அசையாததும் என்று பொருள். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.) ஆங்கில ஆவரேஜுக்கு இன்னும் சுவையான கதை. சேதம் அடைந்த சரக்கைக் குறிக்கும் அரபுச் சொல் ஒன்று இத்தாலி, பிரான்ஸ் துறைமுகங்கள் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அப்படி ஆனது என்பார்கள். புயலில் கப்பல் மாட்டிக்கொண்டால் அதைக் காப்பாற்றச் சில மூட்டைகளைக் கடலில் தள்ளுவார்கள். மூட்டைக்காரன் மட்டும் நஷ்டப்பட வேண்டுமா? கூடாது. கப்பலில் சரக்கு ஏற்றிய எல்லோரும், கப்பல்காரரும் சேர்த்து, அவரவர் மதிப்புக்குத் தக்கபடி நஷ்டத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அப்படிப் பகிர்வதுதான் ஆவரேஜ்.

தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவன், "இப்பவும் அது இருக்கு டீச்சர், ஜெனரல் ஆவரேஜ்னு பேரு" என்று சொன்னான். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் என்ற பெரிய கப்பல் குறுக்கே மாட்டிக்கொண்டதே, அதை மீட்ட பிறகு கப்பல் சொந்தக்காரர்கள் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார்களாம். அந்தக் கப்பலில் பெட்டி ஏற்றியிருந்தவர்கள் எல்லோரும் செலவில் பங்கு கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. எனக்கு உடனே புளியமுத்துதான் ஞாபகம் வந்தது.

கணக்கில் இப்படி ஒழுங்காக இருந்த சொல், தெருவுக்கு வந்ததும் வேறாகிவிட்டது. படம் எப்படி? ஆவரேஜ். சாப்பாடு? ஆவரேஜ். அதாவது சுமார், ஒன்றும் சொல்லிக்கொள்வதற்கில்லை. கிரிக்கெட் பார்க்கும் பையன்களிடம் இந்த வேடிக்கை தெரியும். "அவன் ஆவரேஜ் பிளேயர்" என்றால் திட்டு. "அவன் ஆவரேஜ் என்ன தெரியுமா?" என்றால் புகழ்ச்சி. பிராட்மேனின் ஆவரேஜ் 99.94. அவர் எடுத்தது 6996 ஓட்டம், ஆடியது 80 இன்னிங்ஸ். 80-ஆல் வகுத்தால் 87.45 தானே வருகிறது என்று ஒருவன் வகுப்பில் என்னை மடக்கினான். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டு மறுநாள் சொன்னேன். பத்து முறை அவர் அவுட் ஆகவில்லை. கிரிக்கெட்டில் அவுட் ஆன தடவையால்தான் வகுப்பார்கள், 70-ஆல். எதை எதனால் வகுத்தது என்று தெரியாமல் சராசரியை நம்பக் கூடாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் அந்தப் பையன்.

அடுத்து, எல்லோரும் செய்கிற தப்பு. சராசரி என்றால் நடு, பாதிப்பேர் அதற்கு மேலே, பாதிப்பேர் கீழே என்று நினைப்பது. டீக்கடையில் ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கு மாதம் 12,000 ரூபாய் வருமானம். பத்தாவதாக ஒரு பெரிய முதலாளி வந்து உட்காருகிறார். அவருக்கு 2,92,000. மொத்தம் நான்கு லட்சம். பத்தால் வகுத்தால் 40,000. அந்தக் கடையின் சராசரி வருமானம் 40,000. ஆனால் அங்கே 40,000 சம்பாதிக்கிறவர் ஒருவர்கூடக் கிடையாது. பத்தில் ஒன்பது பேர் சராசரிக்குக் கீழே. நடு ஆளைத் தெரிய வேண்டுமானால் எல்லோரையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தி மத்தியில் நிற்பவரைப் பார்க்க வேண்டும். அதற்குப் பாடப்புத்தகத்தில் இடைநிலை அளவு என்று பெயர். நானே இடைநிலை ஆசிரியர்தான். பட்டயப் பயிற்சி முடித்து முப்பது வருஷத்துக்கு மேல் நடுநிலைப்பள்ளியில் இடைநிலை ஆசிரியராக இருந்துவிட்டு, நடுவுக்கும் சராசரிக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு காரியம் செய்தேன் என்றால் யார் நம்புவார்கள்?

மழையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்கு இயல்பாக 44 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். இயல்பு என்று வானிலைக்காரர்கள் சொல்வதும் பல வருஷத்துச் சராசரிதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பீரோவில் இருந்த கல்யாணப் பட்டுப்புடவை, பத்திரம், போட்டோ எல்லாம் ஊறிப்போயின. பரண்மேல் போட்டிருந்த பழைய நோட்டுகள் மட்டும் தப்பின. யாருக்கு வேண்டும் அது என்று அப்போது எரிச்சலாக இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தான். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். சென்னையில் மளிகைக்கடை வைத்திருக்கிறான். நன்றாக இருக்கிறான். காலில் விழுந்து எழுந்து, காப்பி குடித்துக்கொண்டே சிரித்தபடி சொன்னான். "டீச்சர், நீங்கதான என்னை சராசரின்னு எழுதினது. அப்பா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாவ."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

1992 ஜனவரி. அரையாண்டுத் தேர்வு முடிந்து முன்னேற்ற அறிக்கை கொடுக்கும் நாள். அவன் எட்டாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் எட்டோடு சரி, ஒன்பதாவதுக்குப் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். அவன் அப்பா வாழைத்தார் சுமக்கிறவர். வேலைக்குப் போகிற வழியில் தலையில் சும்மாட்டோடு வந்து நின்றார். எழுத்துக்கூட்டி வாசிப்பார். அட்டையில் மொத்தம் 290, சராசரி 58 என்று இருந்தது. கீழே ஆசிரியர் குறிப்பு என்ற இடத்தில் நான் எழுதியிருந்ததும் அதே சொல், "சராசரி".

"ரெண்டு எடத்துல சராசரின்னு போட்டிருக்கியளே டீச்சரம்மா, அப்படின்னா என்ன?"

மேலே இருப்பது ஐந்து பாடத்தின் சராசரி, அவன் மார்க்கு. கீழே இருப்பது என் அபிப்பிராயம். இதை விளக்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். எனக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் நின்றார்கள். "நடுவாந்தரமா படிக்கான், அவ்வளவுதான்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அப்ப சரிம்மா" என்று பெருவிரலில் மையைத் தேய்த்துவிட்டுப் போனார். அந்த "அப்ப சரிம்மா"வில் ஒரு முடிவு இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூன் மாதம் அவன் ஒன்பதாவதில் சேரவில்லை, மெட்ராஸில் கடைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். வருத்தப்பட்டேன். பிறகு மறந்தேன். அந்த வீட்டில் பணக் கஷ்டம்தான் முதல் காரணம், எனக்கும் தெரியும். நான் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் அவர் அனுப்பாமல் இருந்திருக்கலாம். இருந்தாலும் அந்த மனிதர் யோசித்த ராத்திரியில் அவர் கையில் இருந்தது என் எழுத்து.

அவன் போன பிறகு பரணில் ஏறச் சொல்லிப் பேரனை விரட்டினேன். வகுப்பு மதிப்பெண்ணை எனக்கென்று தனியாக நாற்பது பக்க நோட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். 1991–92 கிடைத்தது. ஓரமெல்லாம் கரையான். உள்ளே எண்கள் தெரிந்தன. அன்று ராத்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கூட்டினேன். 41 பிள்ளைகள். ஒவ்வொருவரின் சராசரியையும், தசமத்தை விட்டுவிட்டு, கூட்டினால் 1886. 41-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 46. வரிசைப்படுத்திப் பார்த்தால் 21-ஆவது பிள்ளைதான் நடு. அந்தப் பிள்ளையின் மார்க்கு 43.

அவனுடையது 58. சராசரிக்கும் மேலே, நடுவுக்கும் மேலே. ஒன்பதாவது இடம்.

எந்தக் கணக்கில் அவனைச் சராசரி என்று எழுதினேன்? எந்தக் கணக்கிலும் இல்லை. பரீட்சைத் தாளைப் பார்த்து எழுதவில்லை. ஆளைப் பார்த்து எழுதியிருக்கிறேன். பின் பெஞ்சில் உட்கார்ந்து, எண்ணெய் வைக்காத தலையோடு, கேட்டால் மட்டும் பதில் சொல்கிற பையன். கையைத் தூக்காத பிள்ளைகளை எல்லாம் அந்த ஒரு சொல்லில் போட்டு மூடியிருக்கிறேன் போல. அதே நோட்டில் இன்னும் பதினான்கு பேருக்கு நேராகச் "ச" என்று சுருக்கி எழுதியிருக்கிறேன். அதில் ஆறு பேர் 46-க்கு மேலே. அந்த ஆறு பேரில் யாராவது இதைப் படித்தால் எனக்குத் தனியாக ஒரு செய்தி போடுங்கள்.

இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் அவனுக்குப் போன் போட்டேன். "நான் எழுதினது தப்பு. நீ சராசரி இல்ல. 41 பேர்ல ஒன்பதாவது" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. தராசில் எடைக்கல் வைக்கிற சத்தம் கேட்டது.

"ஒன்பதாவதா டீச்சர்?"

"ஆமாப்பா."

"சரி டீச்சர். கடையில ஆளு நிக்கி. பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டான்.

சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று எனக்கு ஆகிவிட்டது. சொல்லி யாருக்கு என்ன பயன், கேட்க வேண்டியவர் போய்ச் சேர்ந்தாயிற்று. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு நிற்கும்போது போன் அடித்தது. அவன்தான்.

"டீச்சர், எனக்கு முன்னால எட்டு பேரு இருக்காவளே, யாரு யாரு?"

நோட்டை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசித்தேன். ஒவ்வொருவரைப் பற்றியும் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒருத்தி நர்ஸ், ஒருவன் மின்வாரியம், ஒருவன் இல்லை. ஏழாவது பெயரைச் சொன்னதும் சிரித்தான். "அவனா! எங்கிட்டப் பார்த்து எழுதுவான் டீச்சர்."

பிறகு, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டான். மற்றவர் மார்க்கை எல்லாம் காகிதம் வைத்து மறைத்துவிட்டு, அவன் வரியை மட்டும் எடுத்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது.

தங்கை மகளுக்கு ஒரு சேதி: பாப்பாவின் மிஸ்ஸிடம் மறுபடியும் போய், நான் கேட்ட மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டு வா. வெட்கப்படாதே. அந்த மிஸ்ஸுக்கும் பின்னால் இருபது பேர் நிற்பார்கள். இருந்தாலும் கேள்.

கல்யாணம் வருகிற தை மாதம். நான் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்